ரோஷன் பீயின் கணக்கு

தகடூர் பேங்க் வாசலில் கூட்டம் கூடியிருக்கிறது என்ற செய்தியை அஸ்கரி பேகத்துக்கு முதலில் கொண்டுவந்தவர் அவள் கணவர் முனாப். ஒகேனக்கல் போகும் தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். முதல் டிரிப் முடித்து வீட்டுக்கு வந்தவர், தோளில் தொங்கிய பையைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"உங்க பேங்க் கதவைப் பாதி சாத்தி வச்சிருக்காங்க. போலீஸ்காரர் ஒருத்தர் நிக்கிறார். ஜனம் ரோட்டை அடைச்சிக்கிட்டு நிக்குது. என்னன்னு போய்ப் பாரு."

அஸ்கரி அப்போது வசூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ரசீதுப் புத்தகத்தைப் பையில் போட்டவள் அதைத் திரும்ப எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுப் புர்காவை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

அவள் பேங்கில் சம்பளக்காரி அல்ல. தினசரி சேமிப்பு ஏஜெண்ட். வீடு வீடாகப் போய் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று வாங்கி, ரசீது கிழித்துக் கொடுத்து, சாயங்காலம் பேங்கில் கட்டுவாள். அதற்குக் கமிஷன். தர்மபுரி கடைத்தெருவில் இந்த வேலையை ஆண்கள் செய்தார்கள். ஆனால் மசூதித் தெருவும் அதன் பின்னால் இருந்த சந்துகளும் யார் கைக்கும் வரவில்லை. பகலில் அந்த வீடுகளில் பெண்கள்தான் இருப்பார்கள். பழக்கமில்லாத ஆணுக்குக் கதவு திறக்க மாட்டார்கள். கிளை மேனேஜர் தர்மன் அரூர்க்காரர். ஒரு நாள் பஸ்ஸில் முனாப்பிடம், "அந்தத் தெருவுக்கு ஒரு பொம்பளை ஆள் கிடைச்சா நல்லா இருக்கும் பாய்" என்று சொன்னார். முனாப் வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டார். எட்டாவது வரை படித்தவள், கணக்கு வரும், யாரிடமும் தயங்காமல் பேசுவாள். அப்படித் தொடங்கிய வேலை.

அந்தத் தெருப் பெண்களின் காசு எல்லாம் சில்லறைக் காசு. சிலர் மண்டிக்காரர் வீட்டிலிருந்து புளி மூட்டை வாங்கிவந்து கொட்டை எடுத்துக் கொடுத்தார்கள். சிலர் கோழி வளர்த்து முட்டை விற்றார்கள். சிலர் ஜாக்கெட் தைத்தார்கள். சில வீடுகளில் புருஷனுக்குத் தெரியும். பல வீடுகளில் தெரியாது. அஸ்கரி அதையெல்லாம் கேட்டுக்கொண்டதில்லை. எந்த வீட்டில் கதவைத் தட்டலாம், எந்த வீட்டில் தண்ணீர் கேட்பதுபோல நிற்க வேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் பேங்குக்குள் போனபோது தர்மன் மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. அவளை உள்ளே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்.

"உங்ககிட்ட மறைக்க என்னம்மா இருக்குது. சேலத்துல இருக்கற நம்ம டைரக்டருங்க அவங்கவங்க மில்லுக்கே கடனைக் குடுத்துக்கிட்டாங்க. திரும்பி வரல. இப்ப டெல்லியில இருந்து தடை உத்தரவு வந்திருக்குது. மூணு மாசம் யாரும் பணம் எடுக்க முடியாது. ஆளுக்கு முந்நூறு ரூபா வரைக்கும் குடுக்கலாம், அதுவும் அவங்களே நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். அதுக்குள்ள ஒரு பெரிய கவர்மெண்ட் பேங்கோட நம்ம பேங்கைச் சேர்த்துருவாங்க."

"அப்ப ஜனங்க பணம்?"

"ஒரு பைசா குறையாது. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"நீங்க சொல்லிருவீங்க சார். ஒவ்வொரு வூட்டு வாசல்லயும் போய் நிக்கப்போறது நான்தானுங்க."

தர்மன் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே யாரோ ஜன்னல் கம்பியைத் தட்டி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

*

அஸ்கரி முதலில் போன வீடு ரோஷன் பீயின் வீடு. அவள் கணவர் தஸ்தகீருக்கு நாலு ரோடு பக்கத்தில் பழைய இரும்புக் கடை. கடையில் நல்ல வியாபாரம்தான். ஆனால் ரோஷனின் அண்ணனுக்கும் தஸ்தகீருக்கும் ஒரு மாந்தோப்புக் குத்தகையில் சண்டை வந்து, "அந்த வூட்டுக்கு என் காசு ஒரு ரூபா போகக் கூடாது, நீயும் போகக் கூடாது" என்று தஸ்தகீர் சொல்லி நான்கு வருடம் ஆகிவிட்டது. ரோஷனின் அம்மா காவேரிப்பட்டணத்தில் மகன் வீட்டில் இருந்தாள். அவளுக்கு ஒரு கண் முன்பே போய்விட்டது. இன்னொரு கண்ணிலும் அழுத்தம் ஏறிவிட்டது, வேலூருக்குக் கொண்டுபோய் உடனே ஆபரேஷன் செய்யுங்கள் என்று கிருஷ்ணகிரி டாக்டர் சொல்லியிருந்தார். மாந்தோப்பில் நஷ்டப்பட்டு அண்ணன் கைவிரித்துவிட்டான். ரோஷன் புளிக்கொட்டை எடுத்துச் சேர்த்த பணம்தான் ஆபரேஷனுக்கு என்று முடிவாகியிருந்தது. திங்கட்கிழமை பணத்தை எடுத்துத் தருவதாக அஸ்கரி வாக்குக் கொடுத்திருந்தாள்.

விஷயத்தைக் கேட்ட ரோஷன் புளி படிந்த கைகளை முறத்தின் மேல் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என் காசுதானே ஆபா? நான் கட்டுன காசுதானே?" அக்கா என்ற முறையில் அவளை ஆபா என்றுதான் ரோஷன் கூப்பிடுவாள்.

"உன் காசுதான்."

"அப்பறம் டெல்லிக்காரன் யாரு அதைக் குடுக்காதேன்னு சொல்றதுக்கு?"

அஸ்கரி முறத்துக்கு எதிரில் உட்கார்ந்தாள். "தஸ்தகீர் பாய்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன். கண்ணு விஷயம்" என்றாள்.

"கேட்டாச்சு" என்றாள் ரோஷன்.

மறுநாள் புருஷன் கடைக்குப் போனதும் ரோஷன் அஸ்கரியோடு பேங்குக்கு வந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து புருஷன் இல்லாமல் அவள் கடைத்தெருவில் நடந்தது அதுதான் முதல் தடவை. வெயிலில் வரிசை தெருவரை நீண்டிருந்தது. தக்காளி விற்ற பணத்தைப் போட்டிருந்த பாலக்கோட்டு விவசாயிகள், பூக்காரி செல்லி, பள்ளிக்கூட வாத்தியார் என்று எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். செல்லி உரக்கத் திட்டிக்கொண்டிருந்தாள். ரோஷன் தன் முறை வந்ததும் உள்ளே போய் உருதுவில் கையெழுத்துப் போட்டு முந்நூறு ரூபாயை வாங்கி, அங்கேயே அஸ்கரியின் கையில் திணித்தாள். முனாப் அதைத் தெரிந்த கண்டக்டர் ஒருவர் மூலம் காவேரிப்பட்டணத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அந்தப் பணம் வேலூர் போய்வரவும் பரிசோதனைக்கும் சொட்டு மருந்துக்கும் சரியாகப் போயிற்று. ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்று வேலூர் டாக்டர் எழுதிக் கொடுத்தார். வைத்தியச் செலவென்றால் தனி அனுமதி வாங்கி அதிகம் எடுக்கலாம் என்று தர்மன் சொன்னதால், அந்தச் சீட்டை வைத்து விண்ணப்பம் எழுதினார்கள். அது சேலத்துக்குப் போனது. சேலத்திலிருந்து, அனுமதி தர வேண்டிய பம்பாய் ஆபீசுக்குப் போனது. அஸ்கரி தினமும் பேங்குக்குப் போய்க் கேட்டாள். "இன்னும் வரலம்மா" என்று சொல்லும்போது தர்மன் அவள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

அவளாலும் வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை. அவள் சேமிப்பும் அதே பேங்கில்தான் மாட்டியிருந்தது. வசூல் நின்றதால் கமிஷனும் நின்றது. முனாப் சம்பளத்தில் மூன்று பிள்ளைகளோடு வீடு ஓடியது. ஆனாலும் அவள் பழைய நேரத்துக்குப் பழைய வீடுகளுக்குப் போய்வந்தாள். போகாவிட்டால் ஓடிப்போய்விட்டாள் என்று நினைப்பார்களே என்ற பயம். சில வீடுகளில் உட்காரச் சொன்னார்கள். ஜான் பீ என்ற விதவைக் கிழவி மட்டும் கதவைப் பாதி திறந்து, "பணம் கொண்டாந்தியா? இல்லன்னா போ" என்று சாத்திவிடுவாள். அவளுக்குக் கோழி முட்டைக் காசு. தன் கஃபன் துணிக்கும் அடக்கச் செலவுக்கும் யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது என்று சேர்த்த காசு.

ரோஷனின் அம்மாவுக்கு முதலில் வாசல் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் மங்கியது. ஒரு நாள் காலையில், "இன்னும் விடியலையா?" என்று மகனைக் கேட்டாளாம். அப்போது வெயில் ஏறியிருந்தது. மகன் கடனை உடனை வாங்கி வேலூருக்குக் கூட்டிக்கொண்டு ஓடினான். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இனி ஆபரேஷனால் பலனில்லை, நரம்பு செத்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்தச் செய்தியை ரோஷனிடம் சொன்னதும் அஸ்கரிதான். ரோஷன் அழவில்லை. முறத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "நீ போ ஆபா, அவங்க வர்ற நேரம்" என்றாள்.

*

தடை முடிந்த கையோடு தகடூர் பேங்கின் பெயர்ப்பலகையை இறக்கினார்கள். பெரிய பேங்குக்குச் சேலம் ரோட்டில் ஏற்கெனவே ஒரு கிளை இருந்ததால் கணக்குகள் அங்கே போயின. பழைய கட்டடத்தைப் பூட்டினார்கள். தர்மனை ஆந்திராப் பக்கம் மாற்றிவிட்டார்கள். போகும்போது அவர் முனாப்பின் பஸ்ஸுக்காகக் காத்திருந்து, "அம்மாகிட்டச் சொல்லுங்க பாய்" என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, முனாப்பும் கேட்கவில்லை.

பெரிய பேங்கில் தினசரி சேமிப்புத் திட்டமே கிடையாது. ஏஜெண்டுகள் இனி தேவையில்லை. பணத்தை வட்டியோடு முழுதாகக் கொடுப்பார்கள்; ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருந்தது. தகடூர் பேங்க் டைரக்டர்கள் இல்லாத ஆள் பெயரில் எல்லாம் கணக்கு வைத்திருந்தது தெரியவந்ததால், ஒவ்வொரு கணக்குக்கும் உண்மையான ஆள் இருக்கிறாரா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்க உத்தரவு. அதற்கென்று வடக்கேயிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார்.

இதைக் கேள்விப்பட்ட அஸ்கரி சேலம் ரோட்டுக்கு ஓடினாள். அந்த அதிகாரி நாற்பது வயதுக்காரர், மரியாதையானவர். அவளை உட்காரச் சொன்னார். அவருக்குத் தெரிந்தது இந்தி; அவளுடைய உருதுவைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"ஐயா, அந்தப் பொம்பளைங்களை நானே ஒவ்வொருத்தரா இங்கே கூட்டிட்டு வரேன். நீங்க வூட்டுக்குப் போகாதீங்க. பல பேர் வூட்டுல ஆம்பளைங்களுக்குத் தெரியாது" என்றாள்.

"அப்படிச் செய்ய முடியாதம்மா. வீட்டுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். ஏஜெண்ட் கூட வரவும் கூடாது."

"ஏன்?"

அவர் சங்கடப்பட்டார். "பொய்க் கணக்கு போட்டவர்களில் ஏஜெண்டுகளும் உண்டு. உங்களைச் சொல்லவில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான்."

"பகல்ல ஆம்பளைங்க கடைக்குப் போன நேரத்துலயாவது போங்க."

"பார்க்கிறேன்" என்றார்.

அவர் மறந்துவிட்டாரோ, வேலை நெருக்கடியோ தெரியாது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து ஆண்கள் எல்லோரும் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வேளையில் அவர் ஒரு பியூனோடு மசூதித் தெருவுக்குள் வந்தார். இந்தப் பெண்களுக்குத் தமிழைவிடத் தன் பேச்சு நன்றாகப் புரியும் என்று தெரிந்து, உதவி செய்வதாக நினைத்து, ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தித் தெளிவாக, உரக்கப் பேசினார். பெயரைச் சொன்னார். எத்தனை வருடக் கணக்கு என்று சொன்னார். எவ்வளவு இருக்கிறது என்றும் சொன்னார்.

அஸ்கரி தெருமுனையில் ஒதுங்கி நின்றாள். கிட்டே போகக் கூடாது. ஆனால் வீட்டில் இருக்கவும் முடியவில்லை. தஸ்தகீர் வீட்டு வாசலில் அவர்கள் நெடுநேரம் நிற்பதைப் பார்த்தாள். அவர்கள் அடுத்த வீட்டுக்கு நகர்ந்ததும் தஸ்தகீர் தெருவுக்கு வந்து நாலா பக்கமும் பார்த்தார். அவளைக் கண்டதும் கையசைத்துக் கூப்பிட்டார்.

உள்ளே கூடத்தில் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. ரோஷன் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எத்தனை வருஷமா இந்த வூட்டுக்கு வர்றே?" என்று தஸ்தகீர் அஸ்கரியைக் கேட்டார்.

"அஞ்சாறு வருஷமா வரேன் பாய்."

"தண்ணி குடிக்க வர்றேன்னு நினைச்சிக்கிட்டிருந்தேன். என் வூட்டுக் காசைத் தூக்கிட்டுப் போக வந்திருக்கே."

"உங்க காசு இல்லீங்க. மண்டிக்காரர் வூட்டுப் புளி. ரோஷன் கை நோக உக்காந்து எடுத்தது. நான் ரசீது குடுத்துத்தான் வாங்கினேன்."

"தெருவே கேக்க ஒருத்தன் வந்து சொல்லி, என் பொண்டாட்டி பேர்ல பணம் இருக்குதுன்னு நான் தெரிஞ்சிக்கணுமா? எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறேன்." அவர் ரோஷன் பக்கம் திரும்பினார். "எதுக்குடி? நான் சோறு போடலையா?"

"அம்மாவோட கண்ணுக்கு" என்றாள் ரோஷன்.

"என்கிட்டக் கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

"கேட்டேன். ரம்ஜானுக்கு முந்தி, நீங்க சாப்பிட்டுக்கிட்டிருந்தப்போ கேட்டேன். தட்டைத் தள்ளிட்டு எழுந்து போனீங்க. ரெண்டு நாள் பேசல. அதுக்கப்புறம் எப்படிக் கேப்பேன்?"

தஸ்தகீர் ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் போன திசையில் மசூதியும் இல்லை, கடையும் இல்லை.

அன்று அந்தத் தெருவில் பல வீடுகளில் இதே பேச்சு. சிலர் சிரித்துவிட்டு, பெண்டாட்டி கெட்டிக்காரி என்று தட்டிக்கொடுத்தார்கள். ஒரு வீட்டில் அடி விழுந்தது. ஜான் பீயின் தங்கை மகன் அவளைப் பேங்குக்குக் கூட்டிப்போய்க் கணக்கை முடித்துப் பணத்தை வாங்கி, பாதியைத் தன் கடைக்குச் சரக்கு போட எடுத்துக்கொண்டான். மூன்றாம் நாள் மசூதிக் கமிட்டிக்காரர்கள் முனாப்பைக் கூப்பிட்டு, மனைவியைக் கொஞ்சம் வீட்டோடு இருக்கச் சொல்லுங்கள் என்றார்கள். "அவ திருடலைங்க. அதை மட்டும் எழுதி வச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டு முனாப் டியூட்டிக்குப் போனார்.

ரோஷனின் பணத்தைத் தஸ்தகீர் தொடவில்லை. ஒரு வாரம் கழித்து, சாப்பிட உட்கார்ந்தபோது, "அது உங்கம்மா கண்ணு போன காசு. எனக்கு வேணாம்" என்று மட்டும் சொன்னார். ஆனால் புளி மூட்டை இனி வீட்டுக்குள் வரக் கூடாது என்றார்.

*

மழைக்காலம் தொடங்கும் முன் ஆற்காட்டிலிருந்து ஒருவர் அஸ்கரியைத் தேடி வந்தார். புதிதாகச் சீட்டுக் கம்பெனி ஆரம்பித்திருப்பதாகவும், மசூதித் தெரு வசூலை அவள் எடுத்துக்கொண்டால் பேங்க் கொடுத்ததைப்போல இரண்டு பங்கு கமிஷன் தருவதாகவும் சொன்னார். நல்ல வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை. அவர் ஆபீஸ் எங்கே என்று அஸ்கரி கேட்டாள். சீக்கிரம் திறக்கப்போகிறோம் என்றார்.

"வேணாங்க. எனக்கு ஒத்து வராது."

"உங்க முகத்துக்குத்தான் ஜனங்க குடுப்பாங்கன்னு சொன்னாங்கம்மா."

"அதனாலதான் வேணாங்கறேன்."

அவர் வேறொரு பெண்ணைப் பிடித்துக்கொண்டார். பேங்குக்குப் போய் வரிசையில் நிற்க வழியில்லாத பெண்கள், கையில் காசை வைத்திருந்தால் வீட்டில் கேட்பார்கள் என்று பயந்த பெண்கள், அந்தச் சீட்டில் சேர ஆரம்பித்தார்கள். அஸ்கரி ஒவ்வொரு வீடாகப் போய், ஆபீஸ்கூட இல்லாத கம்பெனி, கொடுக்காதீர்கள் என்று சொன்னாள். ஜான் பீ இந்த முறை கதவை முழுதாகத் திறந்தாள்.

"அந்த பேங்க் நல்ல பேங்க்குன்னு சொன்னதும் நீதானே?"

"ஆமாம்."

"இது கெட்ட கம்பெனின்னு சொல்றதும் நீதானே?"

"ஆமாம் மா."

"அப்ப நான் எதைத்தான் நம்பறது? வாசல்ல வந்து வாங்கிக்க இவங்களாச்சும் இருக்காங்க. நீ வாங்கிக்கிறியா? சொல்லு, உன்கிட்டயே குடுக்கறேன்." மடியிலிருந்த முடிச்சை அவிழ்த்து அவள் கையில் வைக்கப் போனாள் கிழவி. அஸ்கரி கையை இழுத்துக்கொண்டாள். எந்த பேங்கின் பெயரைச் சொல்லி அதை வாங்குவது? தன் பெயரைச் சொல்லி வாங்கினால் நாளைக்கு ஏதாவது ஆகிப்போனால் யார் பதில் சொல்வது? அவள் திரும்பி நடந்தாள். தெரு முடிகிறவரை முதுகு கூசியது.

அந்த மாதக் கடைசியில் ரோஷன் தானாகவே அஸ்கரி வீட்டுக்கு வந்தாள். அவள் அண்ணன் பிழைப்புக்காகப் பெங்களூர் போகப்போகிறான். கண் தெரியாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

"இங்கே கூட்டிட்டு வரப்போறேன் ஆபா. பின்கட்டுல ஒரு ரூம்பு இருக்குது. ஓடு மாத்தணும், கக்கூஸ் கட்டணும். அந்தக் காசு அதுக்கு."

"பாய் என்ன சொன்னார்?"

"சொல்லிட்டேன். சரின்னும் சொல்லல, வேணான்னும் சொல்லல. ஆனா நேத்து ஏணியைப் போட்டு ஏறி ஓட்டைப் பாத்துட்டு எறங்கினார்."

இருவரும் சேலம் ரோட்டுக்கு நடந்தார்கள். பெரிய பேங்கில் மின்விசிறிகள் ஓடின, கண்ணாடித் தடுப்புகள் இருந்தன. கவுண்டரில் இருந்த கிளார்க் தாளைப் பார்த்துவிட்டு, உருதுக் கையெழுத்து செல்லாது, தமிழிலோ இங்கிலீஷிலோ போட வேண்டும், இல்லாவிட்டால் கைநாட்டு, அதற்கு மேனேஜர் சாட்சி வேண்டும் என்றார். மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பெஞ்சு நிறைந்திருந்ததால் சுவரோரம் நின்றார்கள். ரோஷன் ஒவ்வொரு கவுண்டராகப் பார்த்துக்கொண்டே நின்றாள். மதியம் பணப் பட்டுவாடா முடிந்து மணி அடித்தது. நாளைக்கு வாருங்கள் என்றார் கிளார்க், தலை நிமிராமல்.

"எழுதப் படிக்கத் தெரிஞ்சவ நான். கைநாட்டு வைக்க மாட்டேன்" என்றாள் ரோஷன் வெளியே வந்ததும். "தமிழ்ல என் பேரை எப்படிப் போடறதுன்னு காட்டு ஆபா."

அஸ்கரி ரோட்டோரம் நின்று, பையில் கிடந்த ஒரு பழைய பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள். ரோஷன் அதைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றாள். வழி முழுதும் விரலால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டே வந்தாள்.

நாளைக்கு இவளை வெளியே விடுவார்களா என்று அஸ்கரிக்குச் சந்தேகமாகவே இருந்தது. மறுநாள் காலையில் முனாப்புக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. ரோஷன் புர்காவோடு நின்றிருந்தாள்.

"நீ சாப்பிட்டுட்டே வா ஆபா" என்றாள். "இன்னிக்கு முதல்ல போய் நின்னுரலாம்."